கோதுமைச் சீமையில் ஒரு சிற்றூர்: வாசகர் கேள்வி பதில்

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், ரெஜைனா நகருக்குக் கிழக்கே சுமார் 70 கி.மீ. தொலைவில் இருக்கிறது இந்தியன் ஹெட். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத இந்தப் புல்வெளி ஊரின் படங்களைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவும் பதில்களும் இங்கே.

அக்கம்பக்கத்து ஊர்களின் படங்களையும் தேடிப் பார்த்தேன். ஒரு ரயில் பாதை, உயரமான மரக் கட்டடம், ஒரே கடைத்தெரு. எல்லா ஊரும் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன?
– தஞ்சாவூர் வாசகர்

அங்கே முதலில் நிலத்தை அளந்தார்கள், பிறகுதான் ஆட்களைக் குடியேற்றினார்கள். 6 மைலுக்கு 6 மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதில் கால் பங்கான 160 ஏக்கரை, 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 டாலர் கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். மூன்று ஆண்டு அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தைத் திருத்திப் பயிரிட்டால்தான் பட்டா.

1882இல் ரயில் வந்தது. விளைந்த கோதுமையைக் குதிரை வண்டியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அதனால் ஏழு முதல் பத்து மைலுக்கு ஒரு நிலையம் போட்டார்கள். நிலையத்தை ஒட்டி எலிவேட்டர் எனப்படும் தானியக் கோபுரம், எதிரே கடைகள். பெயர் சூட்டக்கூட அவகாசம் எடுத்துக்கொள்ளாத கம்பெனிகள் உண்டு. கிராண்ட் டிரங்க் பசிபிக் ரயில்வே ஆங்கில அகரவரிசைப்படியே ஊர்களுக்குப் பெயர் வைத்தது. சஸ்காட்டூனுக்குத் தென்கிழக்கே யங், ஜெல்மா என்று வரிசை முடிந்து, ஆலன், பிராட்வெல், கிளாவெட் என்று மறுபடி தொடங்குவதை இன்றும் வரைபடத்தில் பார்க்கலாம்.

குதிரையின் நடையை வைத்துப் போட்ட கணக்கு, லாரி வந்ததும் செல்லாமல் போனது. 1897 முதல் தானியத்துக்கு இருந்த சலுகை ரயில் கட்டணம் 1995இல் நின்றதைத்தான் இந்த ஊர்களின் சரிவுக்குக் காரணமாகப் பலரும் சொல்வார்கள். அது பெரிய அடிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நல்ல சாலையும் லாரியும் வந்த காலத்திலேயே கடைகளும் ஓராசிரியர் பள்ளிகளும் மூடத் தொடங்கிவிட்டன.

அந்த மரக் கட்டடத்துக்குள் என்ன நடந்தது? அதை நடத்திய கம்பெனிகளுக்கும் விவசாயிகளுக்கும் ஆகவே ஆகாதாமே?
– ஈரோடு வாசகர்

ஐம்பது, அறுபது புஷல் கோதுமையோடு வண்டி சாய்தளத்தில் ஏறி உள்ளே வரும் (ஒரு புஷல் கோதுமை 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ). வண்டி நிற்கும் தரையே தராசு. பாரத்தோடு ஒரு முறை நிறுப்பார்கள். பின்பலகையைத் திறந்தால் கோதுமை கம்பிச் சட்டம் வழியாகக் கீழே குழிக்குள் விழும். வெறும் வண்டியை மறுபடி நிறுத்துக் கழித்துக்கொள்வார்கள். குழியிலிருந்து உச்சிவரை ஓயாமல் சுற்றும் பட்டையில் வரிசையாகத் தகரக் கிண்ணங்கள் இருக்கும். அவை மொண்டு மேலே கொண்டுபோய்க் கொட்டும். அங்கே ஒரு திருப்புக்குழாய். கீழே நிற்கும் ஆள் சக்கரத்தைத் திருப்பி எந்தக் குதிரில் விழ வேண்டுமோ அதற்கு நேராக வைப்பார். ரயிலில் ஏற்றும்போது குதிரிலிருந்து இறக்கி, மீண்டும் மேலே ஏற்றி, நிறுத்து, வெளிக்குழாய் வழியாகப் பெட்டிக்குள் விடுவார்கள்.

தானியம் பக்கவாட்டில் நெட்டித் தள்ளும் என்பதால் சுவர்ப் பலகைகளைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அறைந்தார்கள். தானியத் தூசி சட்டென்று தீப்பிடிக்கும். அதனால்தான் எஞ்சின் தனிக் கொட்டகையில் இருந்தது. கோதுமையில் ஈரம் 14.5 சதவீதத்தைத் தாண்டினால் குதிருக்குள்ளேயே சூடேறிக் கெட்டுப்போகும். சூடு தெரிந்தவுடன் அந்தக் குதிரில் இருக்கும் தானியத்தை வேறு குதிருக்கு மாற்றி ஆற வைக்க வேண்டும். இதைக் கவனிக்காத ஏஜென்ட்டால் ஒரு பருவத்துச் சரக்கே நாசமாகும்.

சண்டை மூன்று இடத்தில் வந்தது: எடை, தரம், களைவிதைக்கும் பதருக்கும் கழிக்கும் அளவு. மூன்றையும் தீர்மானித்தவர் வாங்குபவரின் ஏஜென்ட்டே. எலிவேட்டருக்குப் போகாமல் நேரே ரயில் பெட்டியில் ஏற்றலாம் என்றால் பெட்டி கிடைக்காது. 1901இல் அமோக விளைச்சல், ஆனால் பெட்டி இல்லை. அந்த ஆண்டு இந்தியன் ஹெட்டில் கூடிய விவசாயிகள் சங்கம் அமைத்தார்கள். பதிவு வரிசைப்படி பெட்டி தரவில்லை என்று, கிழக்கே இருக்கும் சிந்தலூட்டா ஊர் ரயில்வே ஏஜென்ட்மீது 1902இல் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். அபராதம் 50 டாலர்தான். ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பெட்டி வரிசை ஒழுங்குக்கு வந்தது. விவசாயிகளே நடத்திய தானியக் கம்பெனி 1906இல் உருவானது. 1924இல் சஸ்காட்செவன் கோதுமைக் கூட்டுறவும் வந்தது.

குடியேறுவதற்கு முன் அது யாருடைய நிலம்?
– மதுரை வாசகி

கிரீ, சோட்டோ, அசினிபாயின் (நக்கோடா) மக்களின் நிலம். 1874 செப்டம்பர் 15இல் குவாபெல் கோட்டையில் அவர்களுக்கும் கனடா அரசுக்கும் இடையே நான்காவது உடன்படிக்கை கையெழுத்தானது. அடுத்த சில ஆண்டுகளில் காட்டெருமை மந்தைகள் அழிந்தன, பட்டினி வந்தது. தென்மேற்கே சைப்ரஸ் குன்றுகளில் இருக்க விரும்பிய அசினிபாயின் குழுக்களை, உணவுப் பங்கீட்டை நிறுத்தி நெருக்கி, 1880களின் தொடக்கத்தில் இந்தியன் ஹெட் பக்கம் கொண்டுவந்தார்கள். அவர்களின் வழிவந்த கேரி த கெட்டில் நக்கோடா சமூகம் இன்றும் அருகில்தான் வாழ்கிறது. 1885க்குப் பிறகு அதிகாரியின் அனுமதிச்சீட்டு இல்லாமல் ஒதுக்கீட்டு நிலத்தை விட்டு அவர்கள் வெளியே போக முடியாது. இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது, நடைமுறை மட்டுமே. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளி ஒன்று வடக்கே லெப்ரெட்டில் 1884இல் தொடங்கி 1998வரை இருந்தது. ஊர் வரலாறு 1882இல் ரயிலோடு தொடங்குவதாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. அப்படி எழுதப்பட்ட எதையும் முழு வரலாறாக ஏற்கக் கூடாது.

கனடாவின் புகழ்பெற்ற கோதுமைக்கு நம் நாட்டு விதை தாய் என்கிறார்களே?
– கோவை வாசகர்

உண்மைதான். ஹார்ட் ரெட் கல்கத்தா என்ற இந்தியக் கோதுமையையும் ரெட் ஃபைஃப் ரகத்தையும் 1892இல் கலந்தார்கள். அந்தக் கலப்பின் சந்ததிகளிலிருந்து அரசு வேளாண் விஞ்ஞானி சார்ல்ஸ் சாண்டர்ஸ் தேர்ந்தெடுத்ததே மார்க்விஸ். கொஞ்சம் மணிகளை வாயில் போட்டு மெல்லுவார். பசைபோல் திரண்டு இழுபட்டால் அந்த மாவில் ரொட்டி நன்றாக உப்பும். கைவசமிருந்த சுமார் 23 பவுண்டு விதை 1907இல் இந்தியன் ஹெட் அரசுச் சோதனைப் பண்ணைக்கு வந்தது.

இந்தியத் தாய் தந்த வரம் சீக்கிர முதிர்ச்சி. ரெட் ஃபைஃபைவிட ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே அறுவடைக்கு வந்துவிடும். ஆகஸ்ட் கடைசியிலேயே உறைபனி விழக்கூடிய இடத்தில் அந்தப் பத்து நாள்தான் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் இடைவெளி. பால் பிடிக்கும் நேரத்தில் பனி பட்டால் மணி சுருங்கித் தீவனத்துக்குத்தான் போகும். மார்க்விஸின் பலவீனம் தண்டுத் துருநோய். 1916இலும் 1935இலும் அது கடுமையாகத் தாக்கியது. பிறகு தாட்சர் ரகம் அதன் இடத்தைப் பிடித்தது.

மழை குறைந்த அந்தப் பூமியில் எப்படிச் சாகுபடி செய்தார்கள்? 1930களின் புழுதிப்புயல் விவசாயிகளே வரவழைத்துக்கொண்டதா?
– திருநெல்வேலி வாசகர்

மழையும் பனியும் சேர்ந்தே ஆண்டுக்கு 40 செ.மீ.யை ஒட்டித்தான். அரசுக்கு எதிரான 1885 கிளர்ச்சியின்போது இந்தப் பகுதிக் குதிரைகளை ராணுவம் சரக்கு இழுக்க அமர்த்திக்கொண்டதால், உழுத நிலத்தில் ஒரு பகுதி விதைக்கப்படாமல் கிடந்தது. மறு ஆண்டு வறட்சியில் அந்த நிலம்தான் விளைந்தது. பின்னர் சோதனைப் பண்ணையின் முதல் தலைவரான ஆங்கஸ் மக்கே இதை ஒரு முறையாகவே பரப்பினார். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தரிசாக விட வேண்டும். களை முளைத்ததும் ஜூனில் ஆழ உழ வேண்டும். அதன்பின் களை தலைகாட்டும்போதெல்லாம் மேலோட்டமாகக் கிளற வேண்டும். களை குடித்திருக்கும் நீர் மண்ணில் தங்கி, அடுத்த ஆண்டுப் பயிருக்கு உதவும்.

தொடர்ந்து கிளறியதில் மண் மாவாகிவிட்டது என்பதுதான் கேடு. அறுவடைத் தாளும் இல்லை, மண்கட்டியும் இல்லை. 1930களில் மழை பொய்த்துக் காற்று வீசியபோது மேல்மண் பறந்தது. 1937இல் மாகாணச் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு மூன்று புஷலுக்கும் கீழே போனது. வறட்சி இயற்கை, புழுதி உழவின் விளைவு. ஆனால் அரசுப் பண்ணை சொல்லிக்கொடுத்ததையே விவசாயி செய்தார், பழியை அவர் தலையில் மட்டும் போடுவது நியாயமல்ல. தரிசில் சேர்ந்த உபரி நீர் சில இடங்களில் உப்பை மேலே கொண்டுவந்தது இன்னொரு பாதிப்பு.

முதல் பரிகாரம் மரம். 1901இல் தொடங்கிய அரசுத் திட்டத்துக்கு இந்தியன் ஹெட் நாற்றங்காலே மையமாக இருந்து, 2013இல் மூடப்படும்வரை 60 கோடிக்கும் மேற்பட்ட கன்றுகளை வழங்கியது. வெளி வரிசையில் காரகானா புதரை ஓர் அடிக்கு ஒன்றாக நெருக்கி வைப்பார்கள். உள்ளே மேனிடோபா மேப்பிள், பச்சை ஆஷ். வீட்டை ஒட்டி நட்டுவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. மரவரிசையைத் தாண்டியதும் காற்று வேகமிழந்து பனியைக் குவிக்கும், வாசலே மூடிப்போகும். 30 மீட்டராவது தள்ளி நட வேண்டும். இரண்டாவது பரிகாரம் உழாமலே விதைப்பது. இந்தப் பகுதி விவசாயி ஜிம் ஹால்ஃபோர்ட் உருவாக்கிய விதைப்புக் கருவி, ஒரே ஓட்டத்தில் உரத்தை ஆழத்திலும் விதையை அதற்குச் சற்று மேலே பக்கவாட்டிலும் போடும். தாள் நிலத்திலேயே நிற்பதால் மண்ணும் பறக்காது, பனியும் தங்கும்.

அவ்வளவு சின்ன ஊருக்கு மருத்துவர் எப்படி வந்தார்?
– சென்னை வாசகி

வரிப்பணத்தில் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். ரெஜைனாவுக்கு வடமேற்கே சார்னியா என்ற கிராம நகராட்சி, ஊரைவிட்டுப் போகவிருந்த மருத்துவரை 1915இல் ஆண்டுக்கு 1,500 டாலர் கொடுத்து நிறுத்திக்கொண்டது. மறு ஆண்டே இதற்கு வரி விதிக்க மாகாணம் சட்டம் இயற்றியது. பல ஊர்கள் சேர்ந்து ஒரு மருத்துவமனை நடத்தும் முறையும் வந்தது. மாகாண முதல்வர் டாமி டக்ளஸ் ஆட்சியில் 1947இல் மருத்துவமனைக் காப்பீடும், அவர் போட்ட திட்டப்படி 1962 ஜூலை 1இல் எல்லோருக்குமான மருத்துவக் காப்பீடும் நடைமுறைக்கு வந்தன. இன்று கனடா முழுவதும் இருப்பது இதன் நீட்சி.

ஐந்து மாதப் பனிக்காலத்தில் ஊர் மக்கள் எங்கே கூடுவார்கள்?
– யாழ்ப்பாணம் வாசகர்

கர்லிங் கூடத்தில். கைப்பிடி வைத்த கருங்கல்லைப் பனித்தரையில் வழுக்கவிட்டு வட்டத்தின் நடுவே நிறுத்தும் ஆட்டம். கல் சுமார் 20 கிலோ, பெரிய வட்டம் 12 அடி. அணிக்கு நால்வர் போதும், பள்ளிப் பிள்ளையும் எழுபது வயதுக்காரரும் ஒரே அணியில் ஆடலாம். ஆள் குறைந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை. பிகர் என்ற சிற்றூரில் வளர்ந்த சாண்ட்ரா ஷ்மர்லர் 1998 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்.

தரை போடுவதில்தான் சூட்சுமம். குளிரூட்டி இல்லாத பழைய கூடங்களில், மண்தரையை மட்டம் பார்த்து, கடுங்குளிர் இறங்கும்வரை காத்திருப்பார்கள். முதலில் தூவல்போல் தெளித்து மண்ணை இறுக வைப்பார்கள். பிறகு மெல்லிய அடுக்குகளாக ஊற்றி, ஒவ்வொன்றும் முழுக்க உறைந்த பின்பே அடுத்தது. இடையில் வெள்ளை பூசி வட்டம் வரைந்து, மேலும் சில அடுக்கு. அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் மேலே மட்டும் உறைந்து உள்ளே பொக்கையாகும், கல் விழுந்தால் உடையும். கடைசியில் வெந்நீரைத் துளித்துளியாகத் தெளித்துப் பொடிக் கொப்புளங்கள் உண்டாக்க வேண்டும். கல் அவற்றின்மேல்தான் ஓடும், வழவழப்பான தரையில் பாதியிலேயே நின்றுவிடும்.

அறுவடை முடிந்ததும் அக்டோபரில் ஊர் விருந்து நடக்கும். வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, உக்ரைனியர் கொண்டுவந்த முட்டைக்கோஸ் சுருள், பழம் பொதித்துச் சுட்ட ‘பை’ என்ற பலகாரம். வீட்டுக்கு இத்தனை ‘பை’ என்று முன்கூட்டியே பிரித்துக்கொடுத்துவிடுவார்கள். டிக்கெட் பணம் கர்லிங் கூடத்துக்கோ சமுதாயக் கூடத்துக்கோ போகும்.

ரெஜைனாவில் வசிக்கிறோம். இந்தியன் ஹெட் அருகே பழைய பண்ணைவீடு வாங்கியிருக்கிறோம். பத்திரத்தில் ‘வடமேற்கு 14-18-13-மேற்கு 2’ என்றிருக்கிறது. முதலில் குடியிருந்தவரைக் கண்டுபிடிக்க முடியுமா?
– ரெஜைனா வாசகி

முடியும். வலமிருந்து இடமாகப் படியுங்கள். இரண்டாம் தீர்க்கரேகைக்கு (102 பாகை) மேற்கே 13ஆவது வரிசை, அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கே 18ஆவது டவுன்ஷிப், அதில் 14ஆம் செக்‌ஷனின் வடமேற்குக் கால் பங்கு. செக்‌ஷன் எண்கள் தென்கிழக்கு மூலையில் தொடங்கி, மேற்கே 6வரை போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பும். எனவே 14 என்பது தெற்கிலிருந்து மூன்றாவது வரிசையில், கிழக்கிலிருந்து இரண்டாவது. கடைசி எண்ணை 3 என்று தவறாக எழுதினால் சுமார் 280 கி.மீ. தள்ளிப்போய்விடுவீர்கள்.

பொதுவாக இரட்டைப்படை செக்‌ஷன் குடியேறிகளுக்கு, ஒற்றைப்படை ரயில்வேக்கு. 11, 29 பள்ளிக்கூட நிதிக்கு. 8ம் 26இன் பெரும்பகுதியும் ஹட்சன் பே என்ற பழைய வணிகக் கம்பெனிக்கு. உங்களுடையது இரட்டைப்படை என்பதால் ரெஜைனாவில் உள்ள மாகாண ஆவணக் காப்பகத்தில் இந்த எண்ணைக் கொடுத்துக் குடியேற்றக் கோப்பு கேளுங்கள். ஆனால் இந்தியன் ஹெட்டைச் சுற்றி 1882இல் பெல் பண்ணை என்ற பெரும் பண்ணைக் கம்பெனி 50,000 ஏக்கருக்கும் மேல் வளைத்து, அரசு நிலத்தையும் வாங்கியிருந்தது. கோப்பு கிடைக்காவிட்டால் நிலப்பதிவு அலுவலகத்தில் உரிமை மாற்றங்களைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

கோப்பில் பட்டா கேட்டவரின் சத்தியப் பத்திரம் இருக்கும். எந்த ஆண்டு எத்தனை ஏக்கர் திருத்தினார், மாடு எத்தனை, குதிரை எத்தனை, வீட்டின் நீள அகலம், அதன் மதிப்பு, குடும்பத்தில் எத்தனை பேர் எல்லாம் அதில் வரும். அண்டை நிலத்தார் இருவரின் சாட்சியமும் சேர்ந்திருக்கும். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு ஊர் நூலகத்துக்குப் போங்கள். மாகாணத்தின் 75ஆம் ஆண்டான 1980ஐ ஒட்டிப் பல ஊர்கள் குடும்ப வரலாறுகளைத் தொகுத்து நூலாக்கின. அவை குடும்பத்தினரே நினைவிலிருந்து எழுதியவை. ஆண்டு முரண்பட்டால் கோப்பில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள்.