டெவலப்மென்ட் டீமில் சேர்ந்தால் சம்பளம் வருமா?

பிளஸ் டூ முடித்த மகளை ஒரு கால்பந்து கிளப்பின் டெவலப்மென்ட் டீமுக்குக் கூப்பிடுகிறார்கள், சம்பளம் உண்டா என்று மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இருக்காது. சிறுவர் சிறுமியருக்குப் பயிற்சி தருகிற அகாடமிக்கும், கிளப்புக்காகப் பெரிய போட்டிகளில் ஆடுகிற முதல் அணிக்கும் நடுவில் இருக்கிற படி அது. அமெரிக்காவில் 2022-ல் தொடங்கிய யூஎஸ்எல் டபிள்யூ லீக் என்ற மகளிர் கால்பந்து லீக் இந்த வகைதான், கோடை விடுமுறையில் அதில் ஆடுகிற பெண்களில் பலர் கல்லூரி அணியில் ஆடும் தகுதி போய்விடக் கூடாது என்றே சம்பளம் வாங்குவதில்லை. சரி, நம் பக்கம்? மதுரை சேது எஃப்சி 2019-ல் இந்திய மகளிர் லீக்கையே வென்ற அணி, அதனால் பெரிய ஆட்டம் எங்கோ தூரத்தில் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பணத்தைவிட முக்கியம், வருடத்துக்கு எத்தனை மேட்ச், முதல் அணியோடு சேர்ந்து பயிற்சி உண்டா, தங்குமிடமும் சாப்பாடும் அடிபட்டால் வைத்தியமும் யார் செலவு என்பது, எழுத்தில் வாங்குங்கள். பெஞ்சிலேயே உட்கார வைப்பார்கள் என்றால் அனுப்பாதீர்கள், தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கல்லூரி அணியில் முழு ஆட்டம் ஆடட்டும்.