மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் உணவும் எலும்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

என் மகனுக்கு 9 வயது. நடக்க மாட்டான், கால்கள் விறைப்பாக இருக்கும். கால்சட்டை மாட்டும்போது ஒருநாள் வீறிட்டு அழுதான். எக்ஸ்ரே எடுத்ததில் முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பு முறிந்திருந்தது. கீழே போட்டீர்களா என்று மருத்துவமனையில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். என் கையாலேயே உடைத்துவிட்டேனா?
*ஒரு தாய், தருமபுரி*

இல்லை அம்மா. அந்தக் கேள்வியை உங்களிடம் அப்படிக் கேட்டிருக்கவே கூடாது. மூளை முடக்குவாதத்தால் (மூளையில் சிறுவயதிலேயே ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத நிலை) நடக்க முடியாத, உங்கள் மகனைப் போன்ற குழந்தைகளுக்கு அதிகம் முறிகிற இடமே முழங்காலுக்கு மேலுள்ள தொடை எலும்புதான். விழாமலே முறியும். உடை மாற்றும்போதும், டயப்பர் மாற்றும்போதும், பயிற்சி கொடுக்கும்போதும் முறியும்.

எலும்பு வலுப்பெற இரண்டு வேண்டும்: உடலின் எடை அதன்மேல் இறங்க வேண்டும், தசை அதை இழுக்க வேண்டும். காலூன்றாத குழந்தைக்கு இந்த இரண்டுமே குறைவு. அதனால் எலும்பு மெல்லியதாகவே வளர்கிறது. முழங்கால் விறைத்து மடங்கியிருந்தால், கணுக்காலைப் பிடித்து நீட்டும் விசை முழுவதும் அந்த மெல்லிய இடத்தில் போய் விழுகிறது.

இனி உடை மாற்றும்போது காலை நுனியில் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு கை முழங்காலுக்கு மேலும் மறு கை கீழுமாகத் தாங்குங்கள். விறைப்பு அதிகமுள்ள காலுக்கு முதலில் மாட்டுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் கழற்றுங்கள். டயப்பர் மாற்ற இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துத் தூக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டில் உருட்டி மாற்றுங்கள். பக்கவாட்டில் நாடா வைத்துத் தைத்த தொளதொளப்பான கால்சட்டை இருவருக்கும் நிம்மதி.

மாவுக்கட்டு பிரித்தபின் வரும் வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அசையாமல் இருந்த எலும்பு அப்போது இன்னும் மெலிந்திருக்கும். மறுபடி முறிவது அந்தச் சமயத்தில்தான் அதிகம். பேசத் தெரியாத குழந்தை காரணமில்லாமல் அழுதால், ஒரு காலைத் தொடவிடாவிட்டால், அந்த இடம் வீங்கிச் சூடாக இருந்தால், விழவில்லையே என்று இருந்துவிடாமல் எக்ஸ்ரே எடுங்கள்.

எலும்பு மருத்துவர் மாவுக்கட்டோடு அனுப்பிவிட்டால் அத்துடன் நின்றுவிடாதீர்கள். ரத்தத்தில் 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி (உடலில் வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது), கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்பின் நிலையைக் காட்டும் நொதி) பார்க்கச் சொல்லுங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுப்பதானால், கால் மடங்கிய குழந்தைக்கு இடுப்பில் சரியான படம் கிடைப்பது கடினம். தொடையின் கீழ்முனையில் பக்கவாட்டாக எடுக்கும் முறை இவர்களுக்கென்றே உள்ளது. இப்படிப்பட்ட முறிவுகள் கண்ட குழந்தைகளுக்குப் எலும்பு கரைவதைக் குறைக்கும் பாமிட்ரோனேட், சோலெட்ரோனேட் போன்ற ஊசிகள் தரப்படுவதுண்டு. அதற்கு முன் வைட்டமின் டி குறைபாட்டைச் சரிசெய்தாக வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

முறிந்த எலும்பு கூடிய பிறகு, மருத்துவர் சம்மதித்தால், நிற்கவைக்கும் சட்டகத்தைப் பற்றிக் கேளுங்கள். வாரத்தில் 5 நாள், நாளுக்கு 60 முதல் 90 நிமிடம் என்பது எலும்புக்காகப் பரிந்துரைக்கப்படும் அளவு. எடுத்தவுடன் அவ்வளவு முடியாது. சில நிமிடங்களில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகலாம்.

7 வயது மகளுக்குத் தினமும் கேழ்வரகுக் கூழும் பாலும் கொடுக்கிறோம். கால்சியம் மாத்திரையும் வேண்டுமா?
*தந்தை, மன்னார்குடி*

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த வயதுக்கு நாளொன்றுக்கு 650 மில்லிகிராம் கால்சியம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 200 மில்லி டம்ளரில் இரண்டு டம்ளர் பால் ஏறக்குறைய 480 தரும். 30 கிராம் கேழ்வரகு மாவு 110 தரும். கொஞ்சம் தயிர் சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடும். அவ்வளவும் உண்மையில் வயிற்றுக்குள் போகிறதா, வாயோரம் வழிந்து மேல்துணியில் சேர்கிறதா என்பதைப் பாருங்கள். உள்ளே போகிறதென்றால் மாத்திரை தேவைப்படாது. பால் நல்லதுதானே என்று அதையே லிட்டர் கணக்கில் கொடுத்தால் மலச்சிக்கலும் இரும்புச்சத்துக் குறைவும் வரும்.

எதைக் கொடுத்தாலும் இருமுகிறான். ஒரு வேளைச் சோறு ஊட்ட ஒரு மணி நேரம் ஆகிறது. அடிக்கடி சளி, காய்ச்சல்.
*பாட்டி, விருதுநகர்*

நீங்கள் எழுதியிருக்கும் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், உணவு நுரையீரலுக்குள் போகிறதோ என்ற சந்தேகம் எழுகிறது. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கால்நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துப் பாலாடையால் ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கழுத்து பின்னால் சாயும்போது மூச்சுக்குழல் திறந்தே கிடக்கும். இந்தக் குழந்தைகளுக்கு அது கூடவே கூடாது. முதுகு நிமிர்ந்து, இடுப்பு மடங்கி, பாதம் எதிலாவது ஊன்றி, மோவாய் சற்றே தாழ்ந்திருக்கும்படி உட்காரவையுங்கள். அவன் கண்ணுக்கு நேரே தாழ அமர்ந்து, தட்டையான கரண்டியைக் கீழிருந்து கொண்டுவந்து நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி எடுங்கள். முதலில் கொடுத்த வாயை விழுங்கியபின் அடுத்த வாய். இவர்களில் பலருக்கு விழுங்கக் கடினமானது தண்ணீரும் ரசமும்தான். கெட்டியான கூழ் எளிது. எவ்வளவு கெட்டி என்பதை விழுங்குதல் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். இருமாமலே உள்ளே போவதும் உண்டு. அதைக் கண்டறிய விழுங்கும்போது எடுக்கும் எக்ஸ்ரே காணொளிப் பரிசோதனை இருக்கிறது.

ஒரு வேளைக்கு அரை மணிக்கு மேல் ஊட்டினால் அவனும் களைத்துப் போவான், நீங்களும் களைத்துப் போவீர்கள். வயிற்றில் நேரடியாகக் குழாய் வைக்கும் யோசனையை மருத்துவர் சொன்னால், வாயால் ஊட்ட முடியாமல் தோற்றுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். பிள்ளைக்கு உணவும் மருந்தும் முழுதாகப் போய்ச் சேர அது ஒரு வழி. பாதுகாப்பானது என்று மருத்துவர் சொல்லும் அளவுக்கு, வாய்க்கும் ருசி காட்டலாம்.

வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டை மருந்துக் கடையில் வாங்கி வாராவாரம் கொடுக்கிறேன். காலை 7 மணி வெயிலிலும் காட்டுகிறேன். சரியா?
*வாசகி, ஆவடி*

பாக்கெட்டை இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது குறைபாடு உறுதியானவர்களுக்கு, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் தருவது. அன்றாடத் தேவை 600 யூனிட்தான். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், சிறுநீரகக் கல் என்று வரும். மலச்சிக்கல் இந்தப் பிள்ளைகளுக்கு வழக்கம்தானே என்று நாமும் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

காலை 7 மணி வெயில் இதமானது. வைட்டமின் டி உருவாக அதில் தேவையான கதிர் மிகக் குறைவு. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலிலும் அது கிடைக்காது. 10 மணிக்கு மேல் கை கால் தெரியச் சிறிது நேரம் போதும். டோபிராமேட் என்ற வலிப்பு மருந்தோ, எச்சில் வழிவதைக் குறைக்கும் மருந்தோ எடுக்கும் குழந்தைக்கு வியர்வை சரியாக வராமல் போகலாம், உடல் சீக்கிரம் கொதித்துவிடலாம். அவர்களுக்கு வெயிலை நம்பாமல் மருத்துவர் சொல்லும் அளவில் வைட்டமின் டி சொட்டு மருந்தே போதும்.

வலிப்பு மருந்து எலும்பைக் கரைக்கும் என்கிறார்களே, நிறுத்தலாமா?
*வாசகர், கரூர்*

நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஃபெனிடாயின், ஃபினோபார்பிடோன், கார்பமசெபைன் ஆகியவை கல்லீரலில் வைட்டமின் டி விரைவில் சிதையும்படி செய்கின்றன. வால்ப்ரோயேட்டும் எலும்பைப் பாதிக்கக்கூடும். அதனால் வருடம் ஒருமுறையாவது வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிற்க முடியாத பிள்ளைக்கு உயரம் எப்படி அளப்பது? எடை சரியா என்றே தெரியவில்லை.
*தாய், நாகர்கோவில்*

முழங்காலையும் கணுக்காலையும் செங்கோணமாக மடக்கி, குதிகாலின் அடியிலிருந்து முழங்காலின் மேற்பரப்பு வரை அளந்து 2.69 ஆல் பெருக்கி 24.2 கூட்டுங்கள். 30 சென்டிமீட்டர் வந்தால் உயரம் ஏறத்தாழ 105. 12 வயது வரை இது பொருந்தும். எடைக்கு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் தனியாக ஒருமுறையும் எடைக் கருவியில் ஏறிக் கழித்துவிடுங்கள். நடக்காத பிள்ளைக்கு, அதே வயதில் ஓடியாடும் பிள்ளை அளவுக்குக் கலோரி வேண்டியதில்லை. கை கால் ஓயாமல் முறுக்கி அசையும் வகையினருக்கு அதிகம் வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், மாதாமாதம் எடையைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.