குளிகையின் மின்தடை குறைந்தது அழுத்தத்தாலா?

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்த முதுகலை இயற்பியல் மாணவி. பெரிலீன்–அயோடின் சேர்மத் தூளை, அகச்சிவப்பு நிறமாலைக்குக் குளிகை அழுத்தும் 13 மில்லிமீட்டர் டையில் (அச்சில்) இட்டு, 1 டன் முதல் 8 டன் வரை வெவ்வேறு சுமைகளில் குளிகைகள் செய்தேன். அவற்றை வெளியே எடுத்து, இரு முகங்களிலும் சில்வர் பேஸ்ட் பூசி அளந்தபோது, 8 டன் குளிகையின் மின்தடை 1 டன் குளிகையினுடையதில் நூறில் ஒரு பங்கே இருந்தது. அழுத்தம் கரிமக் குறைக்கடத்திப் படிகத்தின் கடத்துதிறனைக் கூட்டுகிறது என்று ஆய்வேட்டில் எழுதலாமா? மழை தொடங்கியதிலிருந்து அளவீடுகள் நாளுக்கு நாள் மாறுவது ஏன்?

பதில்: இந்த அளவீடுகளைக் கொண்டு அப்படி எழுத வேண்டாம். அழுத்தம் கடத்துதிறனைக் கூட்டும் என்ற கூற்று பெரும்பாலான கரிமப் படிகங்களுக்கு உண்மைதான். ஆனால் நீங்கள் அளந்த நேரத்தில் குளிகையின்மீது அழுத்தமே இருக்கவில்லை. சுமையை நீக்கியதும் மூலக்கூறுகள் ஏறக்குறையத் தம் பழைய இடைவெளிக்கே திரும்பிவிடுகின்றன. துகள்கள் நெருங்கி ஒட்டியது மட்டுமே அப்படியே நிற்கிறது; மீட்டர் காட்டியதும் அதையே.

கணக்கிட்டுப் பார்த்தாலும் இது விளங்கும். உங்கள் டையில் 1 டன் என்பது சுமார் 0.07 ஜிகாபாஸ்கல், 8 டன் என்பது சுமார் 0.6 ஜிகாபாஸ்கல். மூலக்கூறுகளை வலுக்குறைந்த வான் டர் வால்ஸ் விசைகளே பிணைத்திருப்பதால், சிலிக்கானுக்குச் சுமார் 98 ஜிகாபாஸ்கலாக இருக்கும் பருமக் குணகம் (சுருங்க மறுக்கும் தன்மையின் அளவு) நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற படிகங்களில் 10-ஐக்கூட எட்டுவதில்லை, ஆகவே 0.6 ஜிகாபாஸ்கலில் பருமன் ஐந்தாறு விழுக்காடு, ஒரு திசையில் சராசரியாக இரண்டு விழுக்காடு சுருங்கலாம். அண்டை மூலக்கூறுகளின் பை எலக்ட்ரான் முகில்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு, தொலைவு கூடக்கூட அடுக்குக்குறி வேகத்தில் குறைவதால், 3.5 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி இரண்டு விழுக்காடு சுருங்கினாலும் மின்னூட்டம் தாவும் வீதம் கணிசமாக உயரும். ஆனால் அந்த உயர்வு ஒன்றரை மடங்கை ஒட்டியே இருக்கும். நூறு மடங்கு வேறுபாட்டுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

உண்மையான அழுத்த விளைவு சிறியது என்று இதனால் எண்ணிவிடக் கூடாது. 1950களிலேயே ஜப்பானில் இனோகுச்சி பல்வளைய அரோமாட்டிக் சேர்மங்களின் கடத்துதிறனை உயர் அழுத்தத்தில் ஆராய்ந்தார். 1980-இல் பிரான்சில் ஜெரோம் குழுவினர், டென்மார்க் வேதியியலாளர் பெக்கார்ட் தயாரித்த கரிம உப்பொன்று, சாதாரண அழுத்தத்தில் 12 கெல்வினை ஒட்டிக் கடத்தாப் பொருளாகிவிடுவது, 12 கிலோபார் (1.2 ஜிகாபாஸ்கல்) அழுத்தத்தில் 0.9 கெல்வினில் மின்தடையே இல்லாத மீகடத்தியாவதைக் கண்டனர். என்னைப் பொறுத்தவரை இத்துறையின் மிக அழகிய முடிவு அதுதான். அமெரிக்காவில் ட்ரிக்கமர் குழுவினர் பென்டசீன் என்ற ஐந்து வளைய அரோமாட்டிக் சேர்மத்தை மிக உயர்ந்த அழுத்தத்துக்குக் கொண்டு சென்றபோதோ, மூலக்கூறுகள் தமக்குள் வினைபுரிந்து மீளாத மாற்றம் அடைந்தன. ஆகவே, மாற்றம் மீள்கிறதா என்பதை எப்போதும் முதலில் கேட்க வேண்டும்.

அதைச் சோதிக்க, சுமை இருக்கும்போதே அளக்க வேண்டும். கோயம்புத்தூர் லேத் பட்டறை எதிலும் பீக் (PEEK) எனும் உறுதியான பிளாஸ்டிக்கில் உறை கடைந்து, வெளியே எஃகு வளையம் இட்டு, இரு எஃகுத் தண்டுகளையே மின்முனைகளாக்கலாம். டெஃப்லான் அழுத்தத்தில் வழிந்துவிடும் என்பதால் அது வேண்டாம். உறை தாங்க வேண்டுமே என்பதால் 1 டன்னுக்குள் நில்லுங்கள். சுமையைப் பலமுறை ஏற்றி இறக்குங்கள். துகள் நெருக்கத்தால் வந்த மாற்றம் முதல் சில சுற்றுகளோடு பெரும்பாலும் முடிந்துவிடும். பிறகு ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே கோட்டில் செல்லும் பகுதியில்தான் படிகத்தின் பங்கைத் தேட முடியும். ஒவ்வொரு சுமையிலும் குளிகையின் தடிமனையும் குறித்துக்கொண்டு, மின்தடையை விட்டு, குளிகையின் அளவைச் சாராத தன்மின்தடையையே ஒப்பிடுங்கள்.

இன்னும் உறுதியான சான்று வெப்பநிலையிலிருந்து கிடைக்கும். பனிக்கட்டித் தொட்டியில் தொடங்கி 30 டிகிரி வரை அளந்து, ஒவ்வொரு சுமையிலும் கிளர்வு கொள் ஆற்றலை (மின்கடத்தலுக்குத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையை) கணக்கிடுங்கள். தொடுபரப்பு மட்டும் கூடியிருந்தால் அந்த ஆற்றல் ஏறக்குறைய மாறாது. மூலக்கூறுகள் நெருங்கியிருந்தால் அது குறையும். அறைவெப்பநிலையில் 0.06 எலக்ட்ரான்வோல்ட் குறைந்தாலே கடத்துதிறன் பத்து மடங்காகிவிடும் என்பதால், இந்த அளவீட்டில் அவசரம் கூடாது.

மழைக்காலத் தடுமாற்றத்துக்குக் காரணங்கள் இரண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் குளிகையின் மேற்பரப்பில் நீர்ப்படலம் படிந்து, அயனிகள் வழியாகத் தனி மின்னோட்டம் ஓடக்கூடும்; சிலிக்கா ஜெல் இட்ட உலர்கலத்தில் வைத்திருந்து, முடிந்தால் வெற்றிடத்தில் அளவிடுங்கள். மற்றது மழையைச் சார்ந்ததன்று: குளிகையிலிருந்து வெளிவரும் அயோடின் சில்வர் பேஸ்டுடன் வினைபுரிந்து, அதைக் கடத்துதிறன் மிகக் குறைந்த சில்வர் அயோடைடாக மாற்றுகிறது. வெள்ளிக்குப் பதில் கார்பன் பேஸ்டைப் பயன்படுத்துங்கள். எஃகையும் அயோடின் அரிக்கும். தண்டுக்கும் தூளுக்கும் இடையே மெல்லிய கிராஃபைட் தகடு வையுங்கள்.

இதுவரை எடுத்த தரவுகளையும் வீணாக்க வேண்டியதில்லை. வரைபடத்தின் கிடை அச்சில் ‘அழுத்தம்’ என்றிருப்பதை ‘குளிகை செய்த சுமை’ என்று திருத்தி, துகள் நெருக்கம் பற்றிய பகுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.