நீங்கள் மதிக்கும் பெண் புகைப்படக் கலைஞர் யார்?

இரண்டு பேர். ஒருவர் ஹோமாய் வியாரவாலா. இன்னொருவர் என் அம்மா. அவரை கூகுளில் தேடினால் கிடைக்காது.

அப்பா வேலூர் லாங் பஜார் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்றால் அம்மாதான் போவார். அணைக்கட்டு, ஊசூர் பக்கமெல்லாம் ஆம்பளை போட்டோகிராபரை நடுக்கூடத்துக்குள் விடாத வீடுகள் அப்போது உண்டு. 36 படம் எடுக்கிற ஒரு பிலிம் ரோல்தான் அப்பா கொடுத்தனுப்புவார். ஒன்று வீணானாலும் வீட்டில் பேச்சு விழும். அதனால் அம்மா அவசரப்பட மாட்டார். உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் பள்ளிக்கூடக் கதை கேட்டு, அது சிரிக்கிற நேரம் பார்த்து அழுத்துவார். மற்றவர்கள் எடுத்த நீராட்டுப் படங்களில் பாதிப் பெண்கள் அழுகிற மாதிரியே இருப்பார்கள். அம்மா எடுத்ததில் அப்படி இல்லை. (பெத்த பிள்ளை சொல்கிறேன், கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.) ராத்திரி டார்க் ரூமிலிருந்து கையில் படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாடையோடு வந்துதான் உலை வைப்பார்.

பிரிண்ட் போட்டதும் பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் விழும். அப்பா பெயர், வேலூர், வட ஆற்காடு மாவட்டம். 1989-இல் மாவட்டம் பிரிந்த பிறகும் அதே ஸ்டாம்ப்தான்.

அதனால்தான் ஹோமாயைப் பற்றிப் படித்தபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். 1913-இல் நவ்சாரியில் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் மானெக்‌ஷா பெயரில்தான் அச்சாகின! அப்புறம் டெல்லியில் புடவை கட்டிக்கொண்டு, கனமான கேமராவோடு சைக்கிளில் சுற்றினார். மவுண்ட்பேட்டன் விடைபெற்றது, காந்தியின் இறுதி ஊர்வலம் எல்லாம் அவர் கேமராவில் பதிந்தன. 'டால்டா 13' என்று தனக்கொரு பெயரும் வைத்துக்கொண்டார். பிறந்த வருஷம் 13, கணவரைச் சந்தித்த வயது 13, கார் நம்பர் டி.எல்.டி. 13. 1970-இல் கேமராவைக் கீழே வைத்தார். பத்ம விபூஷண் வந்தது 2011-இல்.

போன தை மாதம் காட்பாடியில் ஒரு கல்யாணம். கேண்டிட் எடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அம்மா அவளைக் கூப்பிட்டார். லென்ஸைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"பில்லு யார் பேர்ல போடுறம்மா?"

"என் பேர்லதான் ஆன்ட்டி."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போட்டோவுக்கு நின்றார்.