ஸோன் 28-ஆ, டீலக்ஸா? மேட்டில் விளக்கு மங்குவது ஏன்?

சைக்கிளின் முன் சக்கர நடுவில் இருந்து விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோ ஹப்களில், ஸோன் 28 வாங்குவதா, ஸோன் டீலக்ஸ் வாங்குவதா என்று கேட்கிறீர்கள். பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற 1200 கிலோமீட்டர் சைக்கிள் பயணத்துக்கு, உங்கள் 700சி (வழக்கமான பெரிய அளவு) சக்கரத்தில், ஸோன் 28-ஐயே எடுங்கள். டீலக்ஸ் எடை குறைவுதான். ஆனால் மெதுவாக ஏறும்போது அது தரும் மின்சாரமும் குறைவு. வழியில் வரும் பிரிட்டனி (பிரான்ஸின் மேற்குப் பகுதி) மேடுகளில் நள்ளிரவில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இருந்தாலும், இப்போதைய ஹப்பில் மேடு ஏறினால் விளக்கு மங்குகிறது என்கிறீர்களே, அது ஹப்பின் குற்றமாக இல்லாமலும் இருக்கலாம். அதே நேரத்தில் கைபேசிக்கும் சார்ஜ் ஏற்றுகிறீர்கள். இவ்வகை ஹப்பின் குறிப்பிட்ட திறனே 6 வோல்ட், 3 வாட். மேட்டில் அதுவும் முழுதாகக் கிடைக்காது.

சார்ஜரைக் கழற்றிவிட்டு அதே மேட்டை அதே வேகத்தில் ஏறிப் பாருங்கள். வெளிச்சம் நிலைத்தால் புது ஹப்பே தேவையில்லை: பகலில் பவர்பேங்கை நிரப்புங்கள், இரவில் மின்சாரம் விளக்குக்கு மட்டும். அப்போதும் மங்கினால், ஹப் முனையில் வயர் இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வாங்குவதானால் அச்சைக் கவனியுங்கள். குவிக் ரிலீஸ் (நெம்புகோலால் இறுக்கும் மெல்லிய அச்சு) ஹப், 12 மில்லிமீட்டர் த்ரூ ஆக்சில் (ஹப்பின் ஊடே செருகும் தடித்த அச்சு) ஃபோர்க்கில் பொருந்தாது. பழைய ரிம்மையே வைத்துக்கொள்வதானால் கம்பித் துளைகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.