யார் தூக்கினார்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. மேடவாக்கத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். மூத்தவனுக்கு மூன்றரை வயது, சின்னவளுக்குப் பதினான்கு மாதம். வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுகிறேன், தினம் ஐந்து மணி நேரம். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் இரவு பதினொன்றரைக்கும் சிங்க்கில் பாத்திரம் கிடக்கிறது. சோபாவில் எப்போதும் மடிக்காத துணி. கூட்டிவிட்டு நிமிர்ந்தால் பின்னாலேயே பொரி கொட்டிக் கிடக்கிறது. வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

கணவர் நல்லவர். சொன்னால் எதையும் செய்வார். போன மாதம் அத்தை கும்பகோணத்திலிருந்து வந்து பத்து நாள் தங்கினார்கள். குத்திக் காட்டவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்கள்: "நாங்க நாலு பெத்தோம். மிக்ஸி இல்ல, வாஷிங் மெஷின் இல்ல, ஆள் இல்ல. வீடு கண்ணாடி மாதிரி இருக்கும். உனக்கு ஏம்மா முடியல?" என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து, பால் தம்ளரைத் தட்டிவிட்டதற்காக மூத்தவனை அடித்துவிட்டேன். அவன் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவர்களால் முடிந்தது என்னால் ஏன் முடியவில்லை அம்மா?

பெயர் போட வேண்டாம்.
ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. பதில் தெரியாமல் தாமதிக்கவில்லை. அந்தப் பதிலில் என் பெரிய அக்கா வருகிறாள். அவளிடம் கேட்காமல் எழுத மனம் வரவில்லை. நேற்றுதான் கேட்டேன். "எழுதேன், அதுல என்ன இருக்கு" என்றாள்.

எங்களுக்கு ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். நான் ஐந்தாவது பிள்ளை. அம்மா பீடி சுற்றினாள். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும். இலையை அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூலால் ஒரு சுற்று. ஒரு நாளைக்கு ஆயிரம் என்று கணக்கு. சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோனால் சரியில்லாததைக் கழித்துப் போடுவார்கள். அந்தக் கழிவுக்கும் சேர்த்தே சுற்ற வேண்டும். அப்படியும் எங்கள் வீட்டில் நேரத்துக்குச் சோறு இருந்தது, குடத்தில் தண்ணீர் இருந்தது, முற்றம் சாணம் தெளித்துப் பளிச்சென்று இருந்தது. "அஞ்சு பிள்ளையையும் ஒத்தையில வளத்தா" என்று ஊரே சொல்லும். நானும் நாற்பது வயதுவரை அதை நம்பினேன். மேடையில்கூட அப்படிப் பேசியிருக்கிறேன்.

அம்மா ஒத்தையில் வளர்க்கவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தது பெரிய அக்கா. நான் பிறந்தபோது அவளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அந்த வருடம் பள்ளிக்கூடம் நின்றது. வாத்தியார் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து, "பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழாச் சொல்லுது, நிறுத்தாதீங்க" என்று கேட்டாராம். அம்மா சுளகிலிருந்து தலையைத் தூக்கி என்னைக் காட்டி, "இத யாரு சார் தூக்குவா?" என்றாளாம். வாத்தியார் மூன்றாவது தடவை வரவில்லை.

அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆயிரம் பீடிக்குக் குறைந்தால் அரிசிக்குக் குறையும். ஆனால் எங்கள் வீட்டுச் சுத்தத்துக்கும் நேரத்துச் சோற்றுக்கும் விலை கொடுத்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய பெயர் அந்தக் கதையில் இல்லை.

உங்கள் அத்தை பொய் சொல்லவில்லை, மறந்திருக்கிறார்கள். அடுத்த முறை அவர்கள் வரும்போது சண்டைக்கு என்று இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேளுங்கள்: "நீங்க அடுப்படில இருக்கும்போது சின்னதை யார் தூக்குவாங்க அத்தை?" ஒரு நாத்தனாரோ, கூடவே இருந்த ஒரு பாட்டியோ, திண்ணையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரியோ, எட்டு வயது மூத்த மகளோ, யாராவது ஒருவர் வெளியே வருவார். மேடவாக்கத்தில் இரண்டாம் மாடியில் கதவைச் சாத்தினால் உங்கள் இடுப்பு ஒன்றுதான் இருக்கிறது. அந்த இடுப்போடு ஐந்து மணி நேரம் கணக்கும் எழுதுகிறீர்கள்.

அந்த வீடுகள் கண்ணாடி மாதிரி இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பரப்பி வைக்கப் பொருளே இல்லை. எங்கள் ஐந்து பேருடைய துணியும் ஒரே டிரங்குப் பெட்டிக்குள் அடங்கும். விளையாட்டுச் சாமான் என்று இருந்தது புளியங்கொட்டையும் கொட்டாங்குச்சியும்தான், அவையும் வாசலுக்கு வெளியே. உங்கள் வீட்டிலுள்ள பொம்மைகளில் பாதியை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதை இறக்கிவிட்டு மீதியை ஏற்றுங்கள். தம்ளரும் தட்டும் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வெளியே இருக்க வேண்டாம். என் மகள் வீட்டில் சிங்க் நிரம்பாமல் நின்றது இந்த ஒரு காரியத்தால்தான்.

இனி உங்கள் கணவர். "சொன்னால் எதையும் செய்வார்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்திய வரி அதுதான். திங்கட்கிழமை காலை இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியமே ஒருவர் மனதில் அரிசி ஊறியாக வேண்டும். உளுந்து இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமையே பார்த்திருக்க வேண்டும். நாலைந்து மணி நேரம் ஊறி, அரைத்து, கரைத்து, இரவெல்லாம் புளித்து, விடிந்தால் இட்லி. மழைக்காலமானால் பொங்காதே என்று கொஞ்சம் சீக்கிரமே அரைத்து வைக்க வேண்டும். கிரைண்டர் அரைத்துவிடும், கணவர் பாத்திரத்தில் ஊற்றியும் வைப்பார். ஆனால் அந்த மூன்று நாள் நினைப்பு முழுக்க உங்கள் தலைக்குள் ஓடுகிறது. அவர் செய்வது உங்கள் வேலையில் ஒரு துண்டு.

துண்டு துண்டாகக் கொடுக்காமல் ஒரு வேலையை வேரோடு பிடுங்கிக் கொடுங்கள். துணியை அவருக்குக் கொடுக்கலாம். அழுக்குக் கூடை நிறைவதைப் பார்ப்பதிலிருந்து, சோப்புத்தூள் தீர்வதைக் கவனித்து வாங்கி, துவைத்து, காயப்போட்டு, மழை வந்தால் ஓடி எடுத்து, மடித்து அலமாரிக்குள் வைக்கும்வரை அவருடையது. முதல் இரண்டு வாரம் மகனுக்குப் போட ஜட்டி இருக்காது. அப்போது நீங்கள் போய்த் துவைத்துவிட்டால் அந்த வேலை திரும்ப உங்களிடமே வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். மாவைக் கடையில் வாங்குங்கள். அதற்கு யாரிடமும் கூசவேண்டியதில்லை.

இது உங்கள் வீட்டுக் கோளாறு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் மக்கள் ஒருநாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அன்றைக்குச் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்திருந்தார்கள், சராசரியாக 299 நிமிடம். ஆண்களில் செய்தவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். அவர்களும் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்து 289 ஆகியிருந்தது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்து 88 ஆகியிருந்தது. இந்தக் கணக்கில் குழந்தையைப் பார்ப்பது சேராது, அதற்குத் தனிக் கணக்கு. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் கணவருக்கு இதைக் காட்டுங்கள். நல்லவர் என்கிறீர்கள், அவருக்குப் புரியும்.

எதைத் தள்ளிப்போடலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். மடிக்காத துணி யாரையும் கொல்லாது. ஒட்டடையும் தூசியும் காத்திருக்கும். காத்திருக்காதவை சில உண்டு. பாத்ரூம் வாளியில் தண்ணீர் பிடித்துவைத்துக் கதவைத் திறந்து போடக் கூடாது. பதினான்கு மாதக் குழந்தை எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் சில அங்குலத் தண்ணீரே போதும். கழிப்பறை கழுவும் ஆசிடையோ பினாயிலையோ குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது, மேல் தட்டில்தான் வைக்க வேண்டும். டிரம்மையும் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலுள்ள தட்டையும் வாரம் ஒரு தடவை காலி செய்து தேய்க்க வேண்டும், டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழெட்டு நாள் போதும். பால் பட்ட பாத்திரத்தை மட்டும் அன்றன்றே கழுவிவிடுங்கள். இவ்வளவும் முடிந்திருந்தால் பதினொன்றரைவரை விழித்திருக்க வேண்டாம், விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள்.

மூத்தவனுக்கு வருகிறேன். 1939இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்தார். போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் போயிற்று. 1942 முதல் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கி அங்கே குழந்தைகளோடு வேலை செய்தார். அவருடைய முறையில் சின்னக் குழந்தைகளுக்கு முதல் பாடங்களே வீட்டுவேலைகள்தான்: ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது, துணி மடிப்பது, கூட்டுவது. குழந்தை இவற்றை விளையாட்டாகச் செய்யவில்லை, உண்மையான வேலையாகச் செய்கிறது என்று அவர் கண்டார். மூன்றரை வயதுப் பையன் பட்டாணி உரிப்பான், செருப்பை ஜோடி சேர்ப்பான், கைக்குட்டை மடிப்பான். நேரம் மிச்சமாகும் என்று எண்ணிக் கொடுக்காதீர்கள். இரண்டு மடங்கு ஆகும். ஆனால் அந்த நேரம் முழுக்க அவன் உங்கள் காலைச் சுற்றிப் பிடித்து இழுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அதைவிட, அவன் பெரியவனாகி ஒரு பெண்ணிடம் "சொன்னால் செய்கிறேன்" என்று சொல்லாமல் இருப்பதற்கு இந்த வயதில்தான் விதை போட முடியும்.

அடித்ததைப் பற்றி. அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். "அம்மா அடிச்சது தப்பு" என்று அவன் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள், மூன்றரை வயதுக்கு அது புரியும். அடுத்த தடவை பால் கொட்டும்போது அவன் கையில் ஒரு துணியைக் கொடுங்கள். உங்கள் உடம்பையும் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. இரண்டு பிள்ளை பெற்றபின் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே போங்கள், சனிக்கிழமைக்குத் தள்ளாதீர்கள். காரணமில்லாமல் அழுகை வருகிறது, தூக்கம் வரவில்லை, கை ஓங்குகிறது என்றால் 14416க்கு அழையுங்கள். அரசின் மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. இடது பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள். நடுவில் எதுவும் பேசாமல் கேட்டாள். முடிந்ததும், "சின்னது நடக்குதாமா?" என்றாள். இப்போதுதான் நடக்க ஆரம்பித்திருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரே இடுப்புலயே வச்சுக்க வேணாம்னு எழுது. மாத்தி மாத்தி வைக்கச் சொல்லு. எனக்கு அப்ப யாரும் சொல்லல" என்றாள்.