வால் அறுந்த பட்டம்

அன்புள்ள ஐயா,

ஆர்.என்.ஏ தன்னையே வெட்டிக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். ‘நொதிகள் எல்லாம் புரதங்கள்’ என்று வருடக்கணக்கில் பாடம் நடத்தியவள் நான். அது கிடக்கட்டும். தன்னையே வெட்டிக்கொண்டு சாகிற ஒன்றை வைத்து மரபணுவை எப்படிக் கட்டுப்படுத்துவது?

கு., முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் நடத்தியதில் தப்பில்லை, அன்றைய புத்தகம் அப்படி. 1982இல் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் செக்கின் குழு, ஆர்.என்.ஏ புரதத்தின் துணையில்லாமல் தன்னை வெட்டி ஒட்டிக்கொள்வதைக் காட்டியது. 1989இல் அவருக்கும் சிட்னி ஆல்ட்மனுக்கும் நோபல். இப்படி நொதியின் வேலையைச் செய்யும் ஆர்.என்.ஏவுக்கு ரிபோசைம் என்று பெயர்.

கத்தி இருப்பது ஆர்.என்.ஏவின் சர்க்கரையில். டி.என்.ஏவில் இல்லாத ஓர் ஆக்சிஜன் அதில் கூடுதலாக உண்டு. இழை சரியாக மடிந்தால் அந்த ஆக்சிஜன், இழையைக் கோத்து வைத்திருக்கும் பக்கத்துப் பாஸ்பேட்டைத் தாக்கும், இழை அறுந்துவிடும். அவ்வளவுதான்.

நேற்று சாயங்காலம் கடலூர் சில்வர் பீச்சில் பையன்கள் பட்டம் விட்டார்கள். நியூஸ்பேப்பர் பட்டம், கிழிந்த வேட்டியில் வால். ஒன்றுக்கு வால் அறுந்தது. இரண்டு கரணம் அடித்து மணலில் குத்தியது. புரதம் செய்வதற்கான செய்தியை மரபணுவிலிருந்து கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏவுக்கும், அடினைன் என்ற ஒரே எழுத்து வரிசையாக நிற்கும் ஒரு வால் உண்டு. அது போனால் செல் அந்தச் செய்தியைச் சிதைத்துவிடும், புரதம் உருவாகாது. அதனால் வாலுக்குச் சற்று முன்னால் இந்த ரிபோசைமைச் சேர்த்துவிடுகிறார்கள். சும்மா விட்டால் வெட்டும், மரபணு அணைந்தே இருக்கும். வெட்டைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் வால் தங்கும், புரதம் வரும். சாமர்த்தியமெல்லாம் அந்தத் தடுப்பதில்தான்.

இப்படி வெட்டைத் தடுத்து மரபணுவை இயக்கலாம் என்று 2004இல் எலியில் செய்துகாட்டினார்கள். ஆனால் தடுக்க உதவிய டோயோகாமைசின் என்ற மருந்து செல்லுக்கே நஞ்சு. அப்புறம் 2020இல், ரிபோசைமோடு ஒட்டி வெட்டைத் தடுக்கும் சிறு செயற்கைத் துண்டை ஊசியாகப் போட்டு, எலிகளில் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் புரதத்தை வேண்டியபோது வரவழைத்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது, சுவிட்சுக்கென்று வேற்றுப் புரதம் எதுவும் உடம்புக்குள் போக வேண்டாம் என்பது. போனால் நோய் எதிர்ப்பு மண்டலம் சண்டைக்கு வந்துவிடும்.

சரி, ‘சாகிற’ என்றீர்களே, அதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கத்தரிச் செடியில் நோய்க்குறி எதுவும் காட்டாமல் குடியிருக்கும் ஒரு வைராய்டு (புரத உறை இல்லாத, வெறும் ஆர்.என்.ஏவாலான தொற்றுயிரி) உண்டு. வட்டமான ஆர்.என்.ஏ, அதைச் சுற்றிச் சுற்றி நகலெடுப்பதால் பிரதிகள் ஒரே நீளச் சரமாக வரும். பூக்காரம்மா முழம் போட்டு நறுக்குவதுபோல அந்தச் சரம் தன்னைத்தானே நறுக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு புது வைராய்டு.